யார் கொடுப்பது?

சிறுநீரகம் இரண்டும் செயலிழந்துவிட்டன என்று மருத்துவர் சொன்ன நாள் முதல் ஒரு குடும்பத்தின் நாட்காட்டியே மாறிவிடுகிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் டயாலிசிஸ். குடிக்கும் தண்ணீருக்கும் கணக்கு. பொட்டாசியம் மிகுந்த இளநீரும் வாழைப்பழமும் விலக்கு. இஃப்தாரின் பேரீச்சம்பழத்தைக்கூட மருத்துவரைக் கேட்டே தொட வேண்டும்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினால் இத்தளைகளில் பெரும்பாலானவை அகலும். உடல் அதனை அந்நியமென்று தள்ளாதிருக்க, அது இயங்கும் காலமெல்லாம் வேளை தவறாது மாத்திரை உட்கொண்டாக வேண்டும்.

மார்க்கம் இதற்கு இடந்தருமா என ஐயுறுவோர் நம்மில் இன்றும் உளர். 1988 பிப்ரவரியில் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி நிபந்தனைகளுடன் அனுமதித்தது. கொடுப்பவரின் வாழ்வுக்கு ஊறு நேரலாகாது, உறுப்பு விலைப்பொருளாகலாகாது, அவர் மனமார இசைந்திருக்க வேண்டும். மாற்றுக் கருத்துடைய ஆலிம்களும் உளர். நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டுச் சட்டமும் உறுப்பு விற்பனையைக் குற்றமாக்கியுள்ளது.

எஞ்சுவது, யார் கொடுப்பது என்பதே. நம் நாட்டில் உயிருடன் இருக்கையில் சிறுநீரகம் கொடுப்போரில் பெரும்பாலோர் பெண்கள். பெறுவோரில் பெரும்பாலோர் ஆண்கள். உம்மா மகனுக்குக் கொடுக்கிறார், மனைவி கணவனுக்குக் கொடுக்கிறார். மனைவி நோயுற்றால்? "சம்பாதிக்கும் ஆண்பிள்ளை கத்திக்குக் கீழே படுப்பதா?" என்று உறவினர் கூடிப் பேசியதை நானே செவியுற்றிருக்கிறேன். விடியுமுன் அடுப்பு மூட்டுவதும் தண்ணீர்க்குடம் சுமப்பதும் உழைப்பில் சேராது போலும்!

இசைவு என்றேனே, அதனைச் சற்று எண்ணிப் பாருங்கள். மாமியாரும் நாத்தனாரும் சூழ்ந்திருக்க, தலைகுனிந்து நிற்கும் மருமகளின் மௌனம் இசைவாகுமா? நிக்காஹ் பேசுகையில் கன்னிப்பெண்ணின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது ஃபிக்ஹில் உண்டு. உடலுறுப்பை எடுப்பதற்கு அந்த விதியை நீட்டுவதற்கில்லை. வாய் திறந்து சொல்லியாக வேண்டும். அதுவும் உறவினர் இல்லாத அறையில், மருத்துவரிடம் தனித்து. கையெழுத்திட்ட பின்னரும், அறுவைக்கு முன் எந்நேரமும் பின்வாங்கும் உரிமை கொடுப்பவருக்கு உண்டு. இதை அப்பெண்ணிடம் எடுத்துச் சொல்வது வீட்டுப் பெரியவர்களின் பொறுப்பு.

மனைவிக்குக் கொடுக்க விரும்பும் கணவரும் இரத்த வகை சேரவில்லையென்று சோர்ந்துவிட வேண்டியதில்லை. அதே நிலையிலுள்ள மற்றொரு குடும்பத்துடன் மாற்றிக் கொடுத்துக்கொள்ள 2011-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்துள்ளது. தமிழகத்தில், மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்பை வேண்டிக் காத்திருப்போர் பட்டியலிலும், சிகிச்சை பெறும் மருத்துவமனை வாயிலாக நோயாளியின் பெயரைப் பதியலாம்.