கம்பஸில் தமிழ் எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு

உயர்தரத்தில் தமிழுக்கு ஏ எடுத்து பேராதனைக்கோ ஒலுவிலுக்கோ போகிற நம்ம பசறைப் பிள்ளைகளில் சிலர், முதல் வருடத்திலேயே திணறி வேறு பாடத்துக்கு மாறிவிடுகிறார்கள். டியூட்டரி நோட்டில் இருந்த நயத்தைப் பாடமாக்கினார்கள், கவிதையை வாசிக்கவில்லை. நோட்டில் இல்லாத கவிதை வந்தால் பேனா ஓடாது.

போகுமுன் ஒரு பழக்கம் மட்டும் பழகுங்கள். உவமை, அணி தேடுவதற்கு முன்னர் சத்தமாக இரண்டு தரம் வாசியுங்கள். யார் பேசுவது, யாரிடம், எந்த நேரத்தில் என்று கேளுங்கள். இது புதிதல்ல. சங்க அகப்பாட்டில் தலைவன் தலைவிக்குப் பெயர் கிடையாது. தலைவி கூற்று, தோழி கூற்று என்று பார்த்துத்தான் வாசிக்கிறோம். (குறிஞ்சி என்றால் மலையும் மலை சார்ந்த இடமும் என்று மலையிலேயே இருந்து மனனம் செய்கிறோம், ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை!)

லயத்துப் பாட்டிமார் பாடும் ஒப்பாரியிடமும் இதையே கேளுங்கள். பேசுவது செத்தவரிடமா, கடவுளிடமா, சுற்றி நிற்கும் சொந்தக்காரரிடமா? ஒரே பாட்டுக்குள் ஆள் மாறும். அந்த இடத்தைப் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு விரிவுரை மண்டபம் பயமில்லை.

"அதெல்லாம் இலக்கியமா சேர்?" என்று கேட்பவர்களுக்கு: 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை, ஆங்கிலத்தில் கவிதை எழுதியவர். அவர்தான் தோட்டத்துப் பாட்டுகளைத் தொகுத்து 1983இல் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று புத்தகமாக்கினார்.

கம்பஸ் தொடங்கும்வரை வீட்டில் சும்மா இருக்கும் பிள்ளைகள் போனில் பாட்டியின் பாட்டைப் பதிந்து, எழுதிப் பாருங்கள். நல்ல நாளில் ஒப்பாரி கேட்டால் ஏச்சுத்தான் கிடைக்கும். தாலாட்டில் தொடங்குங்கள்.