பூட்டிக்கொண்ட வாட்ஸ்அப்

கேள்வி: பி.எம். கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வந்த கோப்பை அழுத்தினேன். இப்போது என் வாட்ஸ்அப் திறக்கவில்லை. என் பெயரில் உறவினர்களிடம் பணம் கேட்கிறார்களாம். சிப்காட்டில் வேலை பார்க்கும் மகன் வந்து பார்க்கிறேன் என்கிறான். என்ன செய்வது?
– வாசகர், கும்மிடிப்பூண்டி வட்டம்

பதில்: மகன் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை காத்திருக்காதீர்கள். 2024-இல் தமிழ்நாடு சைபர் குற்றப்பிரிவு எச்சரித்த மோசடிதான் இது. வாட்ஸ்அப் பிறகு, முதலில் வங்கிக் கணக்கு. அந்த ஏ.பி.கே. கோப்பு உங்களுக்கு வரும் ஓ.டி.பி.யையும் படித்துவிடும். எனவே நெட்டை நிறுத்தி, சிம்மைக் கழற்றி, பட்டன் போனில் போடுங்கள். வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் பேசுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த முடியும்.

பிறகு வீட்டில் உள்ள வேறு போனில் வாட்ஸ்அப்பை நிறுவி உங்கள் எண்ணைக் கொடுங்கள். பட்டன் போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணைப் போட்டதுமே திருடன் வெளியே போய்விடுவான். அவன் தனியாகப் பின் நம்பர் வைத்திருந்தால் 7 நாள் பொறுக்க வேண்டும். அதுவரை அவனாலும் நுழைய முடியாது.

வந்த செய்தியைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பழைய போனை ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். ரூ.2,000 தவணைக்காக எந்த அலுவலரும் வாட்ஸ்அப்பில் செயலி அனுப்புவதில்லை. தவணை நின்றிருந்தால் ஆதாருடன் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள்.