பீர் சுமார், சர்வீஸ் சார்ஜ் மட்டும் 10 சதவீதமா?

பெங்களூருவில் செயின் பப்புக்கு டீமோட போறீங்க. பீர் சில்லுனு இல்லை, சிக்கன் விங்ஸ் வர முக்கால் மணி நேரம். வீட்டுக்கு வந்து ஒரு ஸ்டார் போட்டுத் திட்டுவீங்க. ஆனா பில் வந்தப்போ? ஆளுக்கு இவ்வளவுன்னு பிரிச்சு ஜிபே பண்ணிட்டு எழுந்திருப்பீங்க.

அந்த பில்லை ஒரு நிமிஷம் படிங்க. சாப்பாட்டுக்குப் பொதுவா 5 சதவீதம் ஜி.எஸ்.டி. பீருக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநில வரிதான். இதெல்லாம் அரசுக்குப் போற வரி, கட்டித்தான் ஆகணும். சர்வீஸ் சார்ஜ் வரியே இல்லை. 4,000 ரூபாய்க்கு 10 சதவீதம்னா 400 ரூபாய், அது பப்போட கல்லாவுக்குப் போகுது.

இதை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அந்த விதிமுறைகளை உறுதி செய்தது.

“டீம் முன்னாடி கேட்டா கஞ்சன்னு நினைப்பாங்களே?” நினைக்கட்டும். மாசம் ரெண்டு தடவை போனா வருஷத்துக்கு 9,600 ரூபாய்.

என் கருத்து இதுதான். கவனிப்பு மோசம்னா, ஸ்டாரைக் குறைக்கிறதுக்கு முன்னாடி அந்த 400-ஐ எடுக்கச் சொல்லுங்க. மறுத்தா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிடுங்க. நல்லா கவனிச்சாங்களா? அப்பவும் எடுக்கச் சொல்லுங்க. மனசுக்குப் பட்டதை, ஓடி ஓடிப் பரிமாறின தம்பி கையிலேயே கொடுங்க.