சாய்ச்சுவிட்டால் இட்டாலிக் ஆகுமா?

கலைப்பீடத்தில் படிக்கும் எங்களுக்கு ஒரு விதி இருக்கிறது. கட்டுரையில் நூற்பெயர் வந்தால் அதை இட்டாலிக்கில் போடவேணும். ஆங்கிலத்துக்கு எழுதின விதியை அப்படியே தூக்கித் தமிழின் தலையிலும் வைத்திருக்கிறார்கள். நாங்களும் கணினியில் சாய்வுப் பொத்தானை அமத்துகிறோம். தமிழ் எழுத்து காத்துக்குச் சரிஞ்ச வேலி மாதிரி நிற்கிறது. இதற்குப் பெயர் இட்டாலிக் இல்லை.

1501இல் வெனிஸ் நகரத்தில் ஆல்டஸ் மனூசியஸ் என்ற அச்சகக்காரர் வேர்ஜிலின் கவிதைகளைக் கைக்கு அடக்கமான புத்தகமாகப் போட்டார். அதற்கு எழுத்து வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. நிமிர்ந்து நின்ற எழுத்தைப் பிடித்து அவர் சாய்க்கவில்லை. அந்தக் காலத்து அறிஞர்கள் வேகமாக எழுதின கையெழுத்தைப் பார்த்து வெட்டினார். ஒடுங்கலான அந்த எழுத்தில் முழுப் புத்தகமுமே அச்சானது. அழுத்தம் காட்ட, நூற்பெயர் காட்ட என்று அதை ஒதுக்கினது பிறகுதான். இன்றைக்கும் செரிஃப் எழுத்துருக்களில், அதாவது கோட்டு நுனியில் சின்னக் குதி வைத்த எழுத்துகளில், இட்டாலிக்குக்கு வந்தவுடன் ஆங்கிலச் சின்ன 'ஏ' தன் மேல்மாடியைக் கழற்றிவிடும். வடிவமே வேறு.

ஒடுக்கின எழுத்தும் அப்படித்தான். நல்ல வடிவமைப்பாளர் கோட்டின் தடிப்பையும் எழுத்துக்குள் இருக்கிற வெளியையும் ஒவ்வொன்றாகத் திருத்துவார். சும்மா பக்கவாட்டில் நெரித்தால் நிற்கிற கோடு மெலியும், படுத்த கோடு தடிப்பாகவே கிடக்கும். 'ண'வின் மூன்று சுழியும் 'ன'வின் இரண்டு சுழியும் அடைபட்டால், தூரத்தில் நிற்பவருக்கு மனமா மணமா என்று எப்படித் தெரியும்? எங்கட நாட்டு மும்மொழிப் பலகைகளை நின்று பாருங்கோ. நீளமான தமிழ்ச் சொல்லை இருக்கிற இடத்துக்குள் அடைக்க நெரித்துவிட்ட பலகை ஒன்றாவது கண்ணில் படும்.

"வாசிக்க விளங்குதுதானே, பிறகென்ன?" என்று கேட்பார்கள். விளங்கினால் போதும் என்பது பிச்சை போடுகிறவரின் அளவுகோல். ஆங்கில எழுத்துக்கு அந்த அளவுகோலை யாரும் வைப்பதில்லை. அதோடு, அந்தக் கேள்வியிலேயே ஒரு 'தானே' இருப்பதைக் கவனியுங்கோ. அழுத்திச் சொல்லத் தமிழுக்கு 'தான்' இருக்கு, ஏகாரம் இருக்கு. நூற்பெயருக்கு மேற்கோள்குறி போதும். சாய்வு இல்லாமல் எங்களுக்கு ஒன்றும் குறைஞ்சு போகவில்லை.

இல்லை, தமிழுக்கும் இட்டாலிக் வேணும் என்றால் வரட்டும். ஆனால் கிரிஃபோ தொடங்கின இடத்தில் இருந்து வரட்டும். எங்கட அப்பப்பா, அம்மம்மா எழுதின கடிதங்களை எடுங்கோ. அவசரத்தில் கை எங்கே வளைஞ்சது, எந்த எழுத்து அடுத்ததைத் தொட்டது என்று பாருங்கோ. அதிலிருந்து வரையுங்கோ. வரைகிறவருக்குச் சம்பளமும் குடுங்கோ. அதுவரைக்கும் தமிழை நிமிர்ந்து நிற்க விடுங்கோ. நிமிர்ந்த நூற்பெயருக்காக எங்கட புள்ளியை வெட்டாதேங்கோ.