வண்டி இருக்குமிடமும் ஓட்டுநரின் ஓய்வும்

சென்னையிலிருந்து கொல்கத்தா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நாயுடுபேட்டை ஒரு முக்கியமான சந்திப்பாகும். திருப்பதி செல்லும் பாதை இங்கே பிரிகிறது. இரவும் பகலும் இவ்வழியே ஓடும் லாரிகள் பலவற்றில் இன்று ஜி.பி.எஸ். என்னும் சிறு கருவி பொருத்தப்பட்டிருக்கிறது. வண்டி எங்கே நிற்கிறது, என்ன வேகத்தில் செல்கிறது என்பதைத் தொலைவிலுள்ள உரிமையாளர் தம் கைபேசியிலேயே கண்டுகொள்கிறார்.

வானிலுள்ள செயற்கைக்கோள் வண்டியைப் பார்த்துக்கொண்டே தொடர்கிறது என்று பலர் கருதுகின்றனர். உண்மை அதுவன்று. செயற்கைக்கோள் தன் இடத்தையும் நேரத்தையும் அறிவிக்கும் வானொலி அலைகளை ஓயாது அனுப்புகிறது, அவ்வளவே. அவ்வலைகள் வந்துசேர எடுத்துக்கொண்ட காலத்தைக் கொண்டு, வண்டியிலுள்ள கருவி தூரத்தைக் கணிக்கிறது. நான்கு செயற்கைக்கோள்களின் அலைகள் கிடைத்தால் தன் இடத்தைத் தானே அறிந்துகொள்ளும். ஒளியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். ஆகையால் வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தூரம் 300 மீட்டர் பிழைத்துவிடும். கணித்த இடத்தை உரிமையாளரிடம் கொண்டுசேர்ப்பது கைபேசி வலையமைப்பேயாகும்.

நாயுடுபேட்டைக்குத் தெற்கே சூலூர்பேட்டை. அங்கிருந்து கிழக்கே புலிகாட் ஏரியைக் கடந்தால் ஸ்ரீஹரிகோட்டா. நம் நாட்டின் 'நாவிக்' அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று அங்கிருந்தே ஏவப்பட்டது. 2023 மே 29 அன்று ஏவப்பட்ட செயற்கைக்கோள், உள்நாட்டில் செய்த ருபீடியம் அணுக்கடிகாரத்தைத் தாங்கிச் சென்றது. இத்துணை அருமையான விஞ்ஞானத்தின் பயன், அருகிலுள்ள சாலையில் லாரி ஓட்டும் மனிதரை எட்டுகிறதா என்பதே கேள்வி.

இக்கருவி பெரும்பாலும் காவலுக்கே பயன்படுகிறது. வண்டி வழி மாறியதா, வேண்டாத இடத்தில் நின்றதா என்று ஆராயப்படுகிறது. முதல் போட்டவர் தம் பொருளைக் காக்க விரும்புவது நியாயமே. ஆனால் வண்டி நின்றதைக் காட்டும் அதே பதிவு, நிற்காமல் ஓடியதையும் காட்டுகிறதன்றோ? 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி நேரமே வேலை என்றும், தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது, இடையே அரை மணி ஓய்வு வேண்டும் என்றும் விதித்தது. 8 மணி என்னும் அளவு 2020-ஆம் ஆண்டின் தொழிற்சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளது. இத்தகைய விதியை ஏட்டுக் குறிப்பைக் கொண்டு சரிபார்த்தல் அரிது. ஏட்டை எவ்வாறும் எழுதலாம். கருவியின் பதிவை அவ்வாறு எளிதில் மாற்ற இயலாது.

இரு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டினால் என் செய்வது என்று கேட்கலாம். கருவி வண்டியை அறியுமேயன்றி ஆளை அறியாது என்பது மெய்யே. யார் எப்பொழுது ஓட்டினார் என்பதையும் சேர்த்துப் பதிவு செய்தால் இக்குறை நீங்கும்.

ஆகவே, வண்டிகளைப் பரிசோதிக்கும் அலுவலர்கள் கருவி இயங்குகிறதா என்று பார்ப்பதோடு நில்லாமல், ஓட்டிய மணிக்கணக்கையும் கேட்டல் நன்று. வானத்திலிருந்து எவரும் நம்மைப் பார்ப்பதில்லை, பதிவை வைத்திருப்பவரே பார்க்கின்றார் என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு விளக்குதல் வேண்டும். அப்பதிவு ஓட்டுநரின் கைக்கும் கிடைக்குமாயின், பொருளைக் காக்கும் கருவியே ஆளையும் காக்கும்.