கன்வெர்ட்டரைக் கழற்றாதீர்கள்

"சைலன்சருக்கு முன்னால இருக்கிற கன்வெர்ட்டரைக் கழற்றிடலாம் சார், மைலேஜ் கூடும்" என்றார் மெக்கானிக் தம்பி. நான் மறுத்துவிட்டேன். காரணம் சொல்கிறேன்.

என் பெட்ரோல் காரில், புகையைத் திருப்பி எஞ்சினுக்குள் அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு கிடையாது. எரியும் சூட்டைத் தணித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது அதன் வேலை. அதற்குப் பதிலாக, புகை வெளியேறும் வால்வைச் சற்றுத் தாமதமாக மூடி, எரிந்த புகையில் கொஞ்சத்தை சிலிண்டரிலேயே தங்கவைக்கிறார்கள். மீதி நஞ்சை முறிப்பது கன்வெர்ட்டர்தான். அது சரியாக வேலை செய்யவே, 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்கை ஆக்சிஜன் சென்சார் கண்காணிக்கிறது.

கன்வெர்ட்டரைக் கழற்றினாலும் வண்டி ஓடும். அந்த நஞ்சு கண்ணுக்கும் தெரியாது. ஆனால் பின்னால் ஸ்கூட்டரில் வரும் குழந்தை அதைத்தான் சுவாசிக்கும். மைலேஜுக்காக அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.