மூச்சு வாங்கினால் வயதின் மேல் பழி போடாதீர்கள்!

“வயதாகிவிட்டது. மூச்சு வாங்கத்தானே செய்யும்!”

இந்தப் பேச்சு கேட்காத வீடு உண்டா? தாத்தா கடைத்தெருவுக்குப் போவதை நிறுத்திவிட்டார். பாட்டி மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டாள். வீட்டில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள். பிறகு பழகிப் போகிறார்கள்.

இந்தப் பழக்கம்தான் ஆபத்து! வயதானால் நடை தளரலாம். ஆனால் உதடு நீலம் பாரிப்பது வயதினால் அல்ல. அது நோயின் அறிகுறி.

பிராண வாயுப் பஞ்சம்

காற்றில் உள்ள பிராண வாயுவை, அதாவது ஆக்சிஜனை, இரத்தத்தில் சேர்ப்பது நுரையீரலின் வேலை. கரியமில வாயுவை வெளியே தள்ளுவதும் அதன் வேலையே.

பல ஆண்டுகள் பீடி, சுருட்டு, சிகரெட் பிடித்தவர்களுக்கு மூச்சுக் குழாய்கள் சுருங்கிவிடும். நுரையீரலில் உள்ள சிறு காற்றுப் பைகள் கெட்டுப்போகும். புகையிலையைத் தொடாத பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. காலமெல்லாம் விறகு அடுப்பை ஊதியவர்கள் அல்லவா அவர்கள்!

நோய் முற்றினால் இரத்தத்தில் பிராண வாயு குறையும். இருதயத்தின் வலது பக்கத்திற்குச் சுமை கூடும். நாளடைவில் அது களைத்துப் போகும். அப்போது கால் வீங்கும்.

எதைக் கவனிக்க வேண்டும்?

மூச்சு வாங்குவதை மட்டும் பார்த்தால் போதாது. மூச்சு இரைப்பவருக்கு இரத்தத்தில் பிராண வாயு போதுமான அளவு இருக்கலாம். பேசாமல் மூலையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது குறைந்திருக்கலாம். ஆகவே இவற்றையும் பாருங்கள்:

உதடு, நாக்கு, நகம் நீலமாக இருக்கிறதா? கருத்த நிறத்தவருக்கு உதட்டின் உட்புறத்தையும் நாக்கையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

காலையில் எழும்போதே தலைவலியா? பகலெல்லாம் தூக்க மயக்கமா?

கணுக்கால் வீங்குகிறதா?

புதிதாகக் குழப்பமாகப் பேசுகிறாரா?

போன மாதம் நடந்த தூரத்தை இந்த மாதம் நடக்க முடியவில்லையா? சட்டை மாட்டுவதற்குள் களைத்துப் போகிறாரா?

இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாமல் திணறினாலோ, எழுப்பினாலும் விழிக்காமல் மயங்கிக் கிடந்தாலோ, திடீரென உதடு நீலமானாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். உடனே 108-க்குச் சொல்லுங்கள்.

விரலில் மாட்டும் கருவி

2020-ல் கொரோனா வந்தபோது, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பல வீடுகளுக்குள் நுழைந்தது. நல்ல உடல் நிலையில் உள்ளவருக்கு அது 95-க்கு மேல் காட்டும். நுரையீரல் நோயாளி ஓய்வாக இருக்கும்போதே 88 அல்லது அதற்குக் கீழ் காட்டினால், வீட்டிலேயே பிராண வாயு தேவைப்படலாம். கால் வீக்கம் இருந்தால், அதற்குச் சற்று மேலே இருந்தாலும் தேவைப்படலாம்.

ஆனால் கருவியை மட்டும் நம்பிவிடக் கூடாது. கை குளிர்ந்திருந்தாலும், நகத்தில் சாயம் பூசியிருந்தாலும் கணக்குத் தவறும். கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டுவதும் உண்டு. டாக்டர் தமனி இரத்தத்தைச் சோதித்துத்தான் முடிவு செய்வார்.

உயிரைக் காத்த 15 மணி நேரம்

“ஆக்சிஜன் வைத்தால் முடிவு நெருங்கிவிட்டது” என்று பலர் அஞ்சுகிறார்கள். இது தவறான அச்சம்.

பிரிட்டனில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 1981-ல் வெளியாயிற்று. பிராண வாயு மிகவும் குறைந்த 87 நோயாளிகள் அதில் இருந்தார்கள். 42 பேருக்குத் தினமும் குறைந்தது 15 மணி நேரம் பிராண வாயு தரப்பட்டது. 5 ஆண்டுகளில் அவர்களில் 19 பேர் இறந்தார்கள். பிராண வாயு தரப்படாத 45 பேரில் 30 பேர் இறந்தார்கள். எத்தனை வித்தியாசம்!

அதற்காக மூச்சு வாங்கும் எல்லோருக்கும் இது மருந்தல்ல. ஓரளவே குறைவு உள்ளவர்களை அமெரிக்காவில் சோதித்தார்கள். அவர்களுக்கு இதனால் ஆயுள் கூடவில்லை என்று 2016-ல் தெரிந்தது.

ஆகவே, தானாகச் சிலிண்டர் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம் அல்ல. பிராண வாயுவும் மருந்துதான். மருந்துக்கு அளவு உண்டு. இந்த நோயாளிகளுக்கு அது அளவு மீறினால், உடம்பில் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரலாம். பெரும்பாலும் 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்பார்கள் டாக்டர்கள். பாசத்தினால் திருகைக் கூட்டிவிடாதீர்கள்! பீடியையும், அடுப்பையும், விளக்கையும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். தீப்பிடிக்கும்.

வெட்கம் எதற்கு?

கண் மங்கினால் கண்ணாடி போடுகிறோம். அதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. மூக்கில் ஒரு சிறு குழாய் வைத்துக்கொள்ள மட்டும் வெட்கம் எதற்கு?

நம்மை வளர்த்து ஆளாக்கியவர்கள், “எனக்கு ஒன்றும் இல்லை” என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகளுக்குச் செலவு வைக்க அவர்களுக்கு மனம் வராது. அந்தச் சொல்லை நம்பி இருந்துவிடாதீர்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் இருப்பீர்கள். பெரியவரை வாசல் வரை நடக்கச் சொல்லுங்கள். உதட்டைப் பாருங்கள், காலைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் நாளைக் காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.